வானத்தில் ஒரு மணி. வழியில் ஒரு நாள்

(மாத்தளை நகரில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தூரத்தைப் பற்றிப் பேசுமாறு எம்மை இங்கு அழைத்திருக்கின்றீர்கள். விமானம் எத்தனை மைல் பறக்கின்றது, எத்தனை நிமிடத்தில் பறக்கின்றது என்பதைப் பற்றி மாத்தளையிற் கூடியிருக்கும் ஆசிரியர்களுக்கும் வைத்தியர்களுக்கும் எழுதுவினைஞர்களுக்கும் விவசாயிகளுக்கும் என்ன பேச்சு வேண்டிக்கிடக்கின்றது என்று சிலர் நினைக்கலாம். நாமும் முதலில் அவ்வாறே நினைத்தோம். ஆனால், சில மாதங்களுக்கு முன்னர் இம்மாவட்டத்துத் தோட்டமொன்றில் ஒரு முதியவரைச் சந்தித்தபின் எமது நினைப்பு மாறிவிட்டது.

அன்று மாலை லயத்து வாசலில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். இந்தியாவைப் பற்றிய பேச்சு எழுந்தது. அங்கிருந்த இளைஞர் ஒருவர், “கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிக்கு ஒரு மணித்தியாலந்தான்” என்று பெருமையோடு சொன்னார். முதியவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “தம்பி, ஒரு மணித்தியாலந்தானா? அப்படியென்றால் எங்கள் அக்கா செத்த அன்றைக்கு நான் ஏன் போய்ச் சேரவில்லை?” என்று கேட்டார்.

அவருடைய தமக்கையார் 1970களில் ஒப்பந்தப்படி இந்தியா அனுப்பப்பட்டவர். தலைமன்னாரிற் கப்பலேறி, இறுதியில் நீலகிரியின் கோத்தகிரிப் பக்கத்தில் மீண்டும் ஒரு தேயிலைத் தோட்டத்திற் கூலி வேலைக்கு அமர்ந்தவர். அவர் காலமான செய்தி விடியற்காலையில் தொலைபேசியில் வந்தது. மறுநாள் நண்பகலில் அடக்கம். நடுவில் முப்பது மணி நேரம் இருந்தது. ஆயினும் தம்பியாற் போக முடியவில்லை. வீட்டு முற்றத்தில் விளக்கேற்றித் தலைமுழுகினார், அவ்வளவே.

வானத்தில் ஒரு மணி நேரமே ஆகும் தூரத்தை முப்பது மணி நேரத்தில் ஒரு மனிதனாற் கடக்க முடியவில்லை. இது எப்படி நேர்ந்தது? இக்கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய பேச்சு.

தூரத்தை அளப்பது எப்படி?

முதலில் தூரத்தை எடுத்துக்கொள்வோம். விமானம் செல்லும் தூரம் வேறு, வீதி செல்லும் தூரம் வேறு. வீதி மலையைச் சுற்றும், குளத்தைச் சுற்றும், விமானமோ பூமியின் மேற்பரப்பில் மிகக் குறுகிய கோட்டைப் பற்றிச் செல்ல முயலும். அந்தக் கோட்டை அளக்கப் பெரிய கருவியொன்றும் வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துத் தேசப்படம் போதும். அகலக்கோட்டில் ஒரு பாகை என்பது 60 கடல் மைல். கிலோமீற்றரிற் சொன்னால் ஏறத்தாழ 111. விமானிகளும் மாலுமிகளும் இன்றும் கடல் மைலிலேயே கணக்கிடுகின்றனர்.

சென்னையும் பலாலியும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில், ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்துள்ளன. சென்னை விமான நிலையம் வடக்கே 13 பாகையில் உள்ளது, பலாலி 9.8 பாகையில் உள்ளது. வித்தியாசம் 3.2 பாகை. அதனை 111 ஆற் பெருக்குங்கள். ஏறத்தாழ 355 கிலோமீற்றர் வரும். சென்னைக்கும் யாழ்ப்பாணத்திற்கும் இடையேயுள்ள வான்தூரம் அதுவே. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு இது.

இதே முறையில், கிழக்கு மேற்கு வித்தியாசத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், திருச்சியிலிருந்து பலாலி ஏறத்தாழ 185 கிலோமீற்றர். திருச்சியிலிருந்து கட்டுநாயக்கா ஏறத்தாழ 420 கிலோமீற்றர். சென்னையிலிருந்து கட்டுநாயக்கா ஏறத்தாழ 650 கிலோமீற்றர். இரத்மலானையிலிருந்து பலாலி ஏறத்தாழ 330 கிலோமீற்றர். இவ்வெண்களை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். யாழ்ப்பாணத்தவருக்குக் கொழும்பைக் காட்டிலும் திருச்சி அண்மையில் இருக்கின்றது! கடல் பிரித்தது என்று நாம் சொல்லிக்கொள்ளும் இடங்கள் உண்மையில் எவ்வளவு நெருக்கமானவை என்பதனை இக்கணக்குக் காட்டுகின்றது.

நேரத்தை அளப்பது எப்படி?

இனி நேரம். பலாலிக்கு வரும் ஏ.ரி.ஆர். 72 என்னும் சுழலி விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர் வேகத்திற் பறக்கக்கூடியது. அப்படியானால் 185 கிலோமீற்றரைக் கடக்க 22 நிமிடம் போதும். சென்னையிலிருந்து 355 கிலோமீற்றரைக் கடக்க 43 நிமிடம் போதும். ஆனால் கால அட்டவணையைப் பார்த்தால், திருச்சிப் பயணத்திற்கு ஏறத்தாழ ஒரு மணியும் சென்னைப் பயணத்திற்கு ஒரு மணிக்கு மேலும் குறித்திருப்பார்கள். எஞ்சிய நேரம் எங்கே போயிற்று?

விமானக் கம்பனி எழுதும் நேரம் பறக்கும் நேரம் மட்டுமன்று. விமானம் தரித்து நின்ற இடத்தைவிட்டு நகரத் தொடங்கியதிலிருந்து, மறு நிலையத்திற் சென்று தரித்து நிற்கும் வரையுள்ள நேரம் அது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்ல வேண்டும்; முன்னே நிற்கும் விமானம் எழும்பும் வரை காத்திருக்க வேண்டும்; மெல்ல மேலேற வேண்டும்; ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது; இறங்கும் இடத்திற் காற்றின் திசை பார்த்து வளைந்து வர வேண்டும்; வகுத்துவைத்த வான்பாதையை விட்டு விலகவும் இயலாது. பயணம் நீண்டாலும் குறுகினாலும் இந்த வேலைகள் குறைவதில்லை. ஆகவேதான் தூரம் பாதியானால் நேரம் பாதியாவதில்லை. தோட்டத்துக் கொழுந்தை லொறியில் ஏற்றுபவர்களுக்கு இது புதிதன்று. தொழிற்சாலை ஒரு மைலில் இருந்தாலும் பத்து மைலில் இருந்தாலும், ஏற்றும் நேரமும் இறக்கும் நேரமும் ஒன்றேயன்றோ?

மற்றொரு வேடிக்கையும் உண்டு. 1996 ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அவ்வாண்டு அக்டோபரில் அரை மணி பின்வாங்கியது. 2006 ஏப்ரலில்தான் இந்திய நேரத்தோடு மீண்டும் ஒன்றாயிற்று. இடைப்பட்ட அந்தப் பத்தாண்டுகளிற் பயணச்சீட்டைப் பார்த்தவர், திருச்சிக்குப் போக அரை மணியும் திரும்பிவர ஒன்றரை மணியும் ஆகும் என்றே எண்ணியிருப்பார். விமானம் மாறவில்லை, தூரம் மாறவில்லை, அரசாங்கத்தின் கடிகாரம் மாறியது. சீட்டில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பிவிடலாகாது என்பதற்கு இஃதொரு பாடம்.

மாத்தளையின் கணக்கு

இவ்வளவும் விமான நிலையத்திலிருந்து விமான நிலையம் வரையுள்ள கணக்கு. ஆனால் நம்மில் எவரும் விமான நிலையத்தில் வாழ்வதில்லை. இரத்தோட்டையிலும் உக்குவளையிலும் எல்கடுவையிலும் தம்புள்ளையிலும் வாழ்கின்றோம். ஆகவே, மாத்தளை நகரத்துப் பஸ் நிலையத்திலிருந்து புறப்படும் ஒருவரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

கட்டுநாயக்கா வழியாகச் செல்வோமானால், பஸ் மாறிச் செல்ல ஏறத்தாழ 4 மணி. வெளிநாட்டுப் பயணத்திற்கு 3 மணி முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும். பறப்பு 1 மணி. திருச்சியில் இறங்கிக் கடவுச்சீட்டுக் காட்டிப் பெட்டியெடுத்து வெளியேற 1 மணி. ஆக மொத்தம் 9 மணி.

பலாலி வழியாகச் செல்வோமானால், மாத்தளையிலிருந்து ஏ-9 வீதியில் யாழ்ப்பாணம் 290 கிலோமீற்றருக்கு மேல். ஏறத்தாழ 7 மணி. யாழ் நகரிலிருந்து பலாலிக்கு வண்டி பிடித்துப் போய்ச் சேர 1 மணி. காத்திருப்பு 3 மணி. பறப்பு 1 மணி. வெளியேற 1 மணி. ஆக மொத்தம் 13 மணி.

வியப்பைப் பாருங்கள்! பலாலிக்கும் திருச்சிக்கும் இடையேயுள்ள வான்தூரம் கட்டுநாயக்காத் தூரத்திற் பாதிக்கும் குறைவு. ஆனால் மாத்தளையானுக்கு அந்தக் குறுகிய வான்வழியே நான்கு மணி நேரம் நீண்ட வழியாகிவிடுகின்றது. யாழ்ப்பாணத்து நண்பருக்குப் பலாலி ஒரு வரப்பிரசாதம். அதில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அவருடைய கணக்கு நமது கணக்கன்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். கட்டுநாயக்கா வழியில் ஒன்பது மணியில் ஒரே ஒரு மணிதான் வானத்திற் கழிகின்றது. நாளையே மந்திரத்தால் விமானம் கண்ணிமைக்கும் நேரத்தில் திருச்சியை அடைந்துவிடும் என்று வைத்துக்கொண்டாலும், நமக்கு எட்டு மணி எஞ்சியே நிற்கும். எனவே, தூரத்தைக் குறைக்க விரும்புகிறவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாற் பயனில்லை. தரையைப் பார்க்க வேண்டும்.

அந்த முதியவருடைய கணக்கு இத்தோடும் முடிவதில்லை. திருச்சியிலிருந்து கோயம்புத்தூர் 200 கிலோமீற்றருக்கு மேல். அங்கிருந்து மேட்டுப்பாளையம் வழியாக மலையேறிக் கோத்தகிரி. இன்னும் ஏழு எட்டு மணி. எல்லாம் சேர்த்தாற் பதினேழு மணி. ஆயினும் முப்பது மணியிற் பதினேழு மணி அடங்கும். சகோதரியின் முகத்தைப் பார்த்திருக்கலாம். அப்படியானால் அவரைத் தடுத்தது எது?

அவரிடம் கடவுச்சீட்டு இருக்கவில்லை. பிறப்புச் சான்றிதழில் அவருடைய தந்தையின் பெயர் ஒருவிதமாகவும், அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருந்தது. அதனைத் திருத்தச் சென்றவர், ஒரு நாட் சம்பளம் போக இரண்டு முறை அலைந்துவிட்டுக் கைவிட்டுவிட்டார். ஓர் எழுத்துப் பிழை, பாக்குநீரிணையைக் காட்டிலும் அகலமாகிவிட்டது.

நடந்து வந்தவர்களின் வழி

இவ்விடத்தில் நாம் நிற்கும் மண்ணைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது, நம் முன்னோர் தோணிகளில் மன்னார்க் கரைக்கு வந்திறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாகக் காடுகளை ஊடறுத்து நடந்து மாத்தளையை அடைந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டவர்கள் ஆயிரம் ஆயிரம். உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் மூச்சுவிட்ட முதலூர் இந்த மாத்தளை. இங்கே முத்துமாரியம்மன் குடிகொண்டிருப்பதன் பொருளை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

2023 ஆம் ஆண்டு, மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் ஒரு நடைபயணம் மேற்கொள்ளப்பட்டது. ஜூலை இறுதியிற் தொடங்கி ஆகஸ்ட் 12 ஆம் நாள் இந்நகரில் நிறைவெய்தியது. ஏறத்தாழ 250 கிலோமீற்றர், பதினாறு நாள். வழிநெடுகத் தண்ணீரும் உணவும் தந்து வரவேற்றவர்கள் இருந்தும் பதினாறு நாள். மருந்தும் செருப்பும் இல்லாமல், குழந்தையை இடுப்பிற் சுமந்து வந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? ஏ.ரி.ஆர். விமானம் அதே தூரத்தை அரை மணியிற் கடந்துவிடும்.

நடைவழிக்குப் பின்னர் இருப்புப் பாதை வந்தது. 1880 இல் மாத்தளைக்கு ரயில் வந்தது. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் ரயிலும் இணைந்த சேவை தொடங்கிற்று. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களிற் போர்ச் சூழலில் நின்றது. வான்வழியோ, எயார் சிலோன் கம்பனியின் டக்கோட்டா விமானம் 1947 டிசம்பர் 10 ஆம் நாள் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்ததோடு திறந்தது.

அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 1947. வானத்தில் வழி திறந்தது. அடுத்த ஆண்டு, 1948 இல், 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தரையில் வழி அடைபட்டது. இந்நாட்டிற் பிறந்து இந்நாட்டுக்கே உழைத்த இலட்சக்கணக்கானோர் எந்த நாட்டினருமல்லர் என்றாகியது. நாடற்றவனுக்கு எந்த அரசு கடவுச்சீட்டு வழங்கும்? சென்னைக்கு விமானம் சில மணி நேரத்திற் போய்ச் சேர்ந்த காலத்திலேயே, தோட்டத் தொழிலாளிக்குச் சென்னை எட்டாத தூரமாயிற்று.

1964 அக்டோபர் 30 ஆம் நாள் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மக்களைப் பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னர் 1974 இல் இரு பாதியாகப் பிரித்தனர். ஒரே லயத்தில் அண்ணன் இங்கே, தங்கை அங்கே. இவர்கள் விரும்பித் தூரமானவர்களல்லர், தூரமாக்கப்பட்டவர்கள். 2003 இல் 35 ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமையை வழங்கிற்று. சட்டத்திற் சுவர் இடிந்தது. ஆனால் இடிந்த சுவரின் கற்கள் இன்னும் வழியிற் கிடக்கின்றன. அந்த முதியவரின் பிறப்புச் சான்றிதழிலுள்ள எழுத்துப் பிழை அக்கற்களுள் ஒன்று.

பலாலியும் இதே போன்று அடைபட்டுத் திறந்த வாசல்தான். போர்க்காலம் முழுவதும் படைத்தளமாயிருந்த அது, 2019 அக்டோபர் 17 இல் யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. 2020 இற் கொரோனா நிறுத்தியது. 2022 டிசம்பர் 12 இல் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து வந்தது. 2025 மார்ச் இறுதியிற் திருச்சிச் சேவையும் தொடங்கிற்று. அடைபட்ட வழிகள் திறக்கக்கூடியவை என்பதற்கு இது சான்று.

சிகிரியாவில் ஒரு சர்வதேச நிலையமா?

இங்கே ஒரு நண்பர் எழுந்து, “எங்கள் மாவட்டத்திலேயே சிகிரியாவில் ஒரு விமானத் தளம் இருக்கின்றதே, அதிலிருந்து திருச்சிக்கு விமானம் கேட்டால் என்ன?” என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பிரித்தானிய வான்படை பயன்படுத்திய தளம் அது. அங்கிருந்து கட்டுநாயக்கா வான்வழியாக ஏறத்தாழ 127 கிலோமீற்றர். திருச்சி ஏறத்தாழ 385 கிலோமீற்றர். கேட்பதற்கு இனிக்கின்றது. ஆனால் கணக்குப் போடாமற் கோரிக்கை வைப்பது நமக்கு அழகன்று.

மாத்தளையிலிருந்து சிகிரியாத் தளத்திற்குப் பஸ்ஸிற் செல்ல 2 மணி. காத்திருப்பு 3 மணி. பறப்பு 1¼ மணி. வெளியேற 1 மணி. ஆக 7¼ மணி. கட்டுநாயக்கா வழியோடு ஒப்பிட்டால் இலாபம் இரண்டு மணிக்கும் குறைவு. அந்த இரண்டு மணிக்காக எழுபது பேர் ஏறும் விமானத்தை நாள்தோறும் நிரப்பப் பயணிகள் வேண்டும். நிரம்பாத விமானத்தை எந்தக் கம்பனியும் நெடுநாள் ஓட்டாது. ஓடுபாதையை நீட்ட வேண்டும்; அதற்கு நிலம் வேண்டும். விமான நிலையத்திற்கு நிலம் கொடுப்பது என்றால் என்னவென்று வலிகாமம் வடக்கு விவசாயிகளிடம் கேளுங்கள். 1990 இற் பலாலிச் சுற்றுப்புறத்துச் செம்மண் தோட்டங்களை விட்டு வெளியேறியவர்கள் எத்தனை ஆண்டுகள் அகதிகளாய் அலைந்தனர் என்பதனை அவர்கள் சொல்வார்கள். சிகிரியாவைச் சூழ இருப்பவை குளங்களும் வயல்களும் யானைக் காடுகளும். அவற்றின் நடுவே 1982 இல் உலக மரபுச் சொத்தாக ஏற்கப்பட்ட குன்றும் நிற்கின்றது.

விவசாய நண்பர்கள் மற்றொரு கேள்வி கேட்பார்கள்: “விமானம் வந்தால் எங்கள் விளைபொருள் போகாதா?” இதிலும் நிதானம் வேண்டும். மாத்தளையின் புகழ் மிளகும் ஏலமும் கராம்பும் கொக்கோவும். இவை உலர்ந்த சரக்கு, கப்பலிற் போகக்கூடியவை, அவசரமில்லாதவை. அவசரம் வாடும் பொருளுக்குத்தான். தம்புள்ளைச் சந்தையில் இரவோடிரவாகக் குவியும் மரக்கறிக்கு அவசரம் உண்டு. ஆனால் சிறிய விமானமொன்று பயணிகளையும் பெட்டிகளையும் ஏற்றியபின் சரக்குக்கு ஒதுக்கும் இடம் சொற்பம். சந்தையிலிருந்து புறப்படும் ஒரு லொறியின் சுமையையும் அது தாங்காது. மரக்கறி விவசாயிக்கு இன்று வேண்டியது ஓடுபாதையன்று. பழுதாகாமல் அடுக்க நல்ல பெட்டியும், குளிரூட்டிய களஞ்சியமும், தாமதமின்றிக் கட்டுநாயக்காச் சரக்குப் பகுதியைச் சென்றடையும் வண்டியுமே. வானத்தில் மிச்சமாகும் நிமிடத்தைக் காட்டிலும் வீதியில் அழுகும் மணித்தியாலமே அவனுக்கு நட்டம்.

நாம் கேட்க வேண்டியவை

அப்படியானால் நாம் எதைக் கேட்பது? நான்கு கோரிக்கைகளை இச்சபையின் முன் வைக்கின்றோம்.

முதலாவது, பத்திரங்கள். கண்டியிற் கடவுச்சீட்டுக் கிளைக் காரியாலயம் இருக்கின்றது. ஆனால் அதன் வாசலுக்குப் போகும் முன்னரே நம் மக்கள் தடுக்கி விழுகின்றனர். பிறப்புச் சான்றிதழ்த் திருத்தம், அடையாள அட்டை, கடவுச்சீட்டு விண்ணப்பம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் முடித்துக் கொடுக்கும் நடமாடும் சேவை தோட்டந்தோறும் வர வேண்டும். அது தமிழில் நடைபெற வேண்டும். தமிழும் அரசகரும மொழி என்று 13 ஆவது திருத்தம் 1987 இற் சொல்லிவிட்டது. நாம் சலுகை கேட்கவில்லை, சட்டத்தையே கேட்கின்றோம்.

இரண்டாவது, பஸ். மாத்தளையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு விமான நேரங்களைத் தழுவி, இடையில் மாறாமற் செல்லும் பஸ் ஒன்று இரவிலும் பகலிலும் ஓடட்டும். ஒரு மணி நேரம் அதனால் மீதமாகும். புதிய ஓடுபாதையால் வரும் இலாபத்திற் பாதிக்கு மேல் ஒரு பஸ்ஸாற் கிடைத்துவிடும். யாருடைய நிலத்தையும் எடுக்க வேண்டியதில்லை. தம்புள்ளையில் ஏறிப் பலாலி செல்வோருக்கும் விமான நாட்களில் அவ்வாறே ஒரு வண்டி வேண்டும்.

மூன்றாவது, துக்கப் பயணம். ஒப்பந்தத்தின்பேரிற் குடும்பங்களைப் பிரித்தவை இரு அரசாங்கங்கள். உடன்பிறந்தார், பெற்றார், பிள்ளைகள் இறந்தாற் சென்று வருவதற்கு அதே இரு அரசாங்கங்களும் விரைந்த விசாவுக்கு வழிசெய்ய வேண்டும். மரணச் செய்தி வந்த நாளிலேயே விசா கிடைக்க வேண்டும். பிரித்த கை இதையாவது செய்யட்டும்.

நான்காவது, செய்தி. விமான நேரம், பஸ் நேரம், வேண்டிய பத்திரம், செலுத்த வேண்டிய கட்டணம் ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்டுத் தபாற் கந்தோரிலும் கூட்டுறவுக் கடையிலும் தோட்டப் பாடசாலையிலும் ஒட்ட வேண்டும். அட்டவணை மாறும்போது தாளும் மாற வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

அரசாங்கத்தைக் கேட்பதோடு நமது கடமை தீர்ந்துவிடாது. இந்தச் சபையிற் படித்தவர்கள் பலர் இருக்கின்றீர்கள். ஆசிரியர்களே, எழுதுவினைஞர்களே, சட்டத்தரணிகளே! ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரத்தை ஒதுக்குங்கள். உங்கள் அயலிலுள்ள தோட்டத்துக்குச் செல்லுங்கள். எந்த வீட்டிற் கடவுச்சீட்டு உண்டு, எந்த வீட்டில் இல்லை, எந்தச் சான்றிதழில் என்ன பிழை என்று பட்டியலெழுதுங்கள். கடவுச்சீட்டு இருப்பவர்களிடம் அதன் காலம் எப்போது முடிகின்றது என்று பாருங்கள். முடிவதற்கு ஆறு மாதத்திற்குக் குறைவாயிருந்தால் இந்திய விசாவுக்கு அது உதவாது. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதற்கு நீங்கள் செலவிடும் அரை மணி, ஒரு தொழிலாளியின் இரண்டு நாட் சம்பளத்தைக் காப்பாற்றும்.

விவசாயிகளே, தோட்டத்துச் சகோதரர்களே! சாவு வந்தபின் பத்திரம் தேடாதீர்கள். பெட்டியில் நகையை வைப்பதுபோற் கடவுச்சீட்டை வைத்திருங்கள். அங்கே யாரும் இல்லையென்றாற்கூட வைத்திருங்கள். எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் நம் பாட்டனிடம் அந்தத் தாள் இல்லாமையினாலன்றோ அவனை யாருமற்றவன் என்றார்கள்!

நண்பர்களே, அந்த முதியவர் கேட்ட கேள்விக்கு அன்று நாம் விடை சொல்லவில்லை. வெட்கத்தாற் தலைகுனிந்து தேநீரைக் குடித்து முடித்தோம். இன்று விடை சொல்கின்றோம். ஐயா, திருச்சி ஒரு மணி நேரத் தூரத்திலிருப்பது உண்மை. ஆனால் அந்த ஒரு மணி உங்கள் வீட்டு வாசலிலிருந்து எண்ணப்பட்டதன்று. உங்கள் வாசலுக்கும் விமானத்தின் படிக்கட்டுக்கும் இடையே பஸ் இல்லாத வீதியும், பிழையான ஒரு காகிதமும், நாங்கள் செய்யாமல் விட்ட வேலையும் கிடந்தன. இவற்றுள் முதலிரண்டுக்கு அரசாங்கம் பொறுப்பு. மூன்றாவதற்கு நாங்கள் பொறுப்பு.

அவருக்கு இன்னும் ஒரு தங்கை அங்கே இருக்கின்றார். நோயாளி. இம்முறை சாவுக்குப் போக வேண்டியதில்லை. உயிரோடு இருக்கும்போதே போய்ப் பார்த்துவரட்டும். அவருடைய சான்றிதழ்த் திருத்தத்திற்கான விண்ணப்பம் கடந்த வாரம் கையளிக்கப்பட்டுவிட்டது. இம்மண்டபத்தைவிட்டுப் போகும்போது, அவரைப் போன்ற ஒருவருடைய பெயரையாவது நீங்கள் ஒவ்வொருவரும் மனத்திற் குறித்துக்கொண்டு போவீர்களானால், இன்று நாம் கூடியது வீண்போகாது.